ஜிப்சீஸ் இசைக்குழுவும் பைலா மரபும்: ஒரு வரலாற்று நோக்கு

கொழும்பு மாளிகாவத்தையில் 1986ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட கெத்தாராம விளையாட்டரங்கில் கிரிக்கெட் பந்தயம் நடைபெறும் நாட்களில், ஆட்டத்தைப் போலவே அங்கு எழும் இசையும் கவனத்திற்குரியது. ஊதுகருவிகளும் மேளங்களும் சேர்ந்து முழக்கும் ‘பப்பரே’ இசைக்குச் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என்ற வேறுபாடின்றிப் பார்வையாளர் எழுந்து ஆடுவர். அவ்விசையின் பெரும்பகுதி பைலா மெட்டுக்களாலானது. இந்நாட்டின் சமூகங்கள் தத்தம் மொழியாலும் சமயத்தாலும் அரசியலாலும் பிரிந்து நின்ற காலங்களிலும், தாளம் ஒன்றால் அவை ஒன்றுபட்டு அசைந்திருக்கின்றன. ஆயினும் இலங்கையின் பண்பாட்டு வரலாற்றை எழுதியோர் இவ்விசைக்கு உரிய இடத்தை அளித்தனர் எனக் கூறுவதற்கில்லை. கேளிக்கைக்குரியது, ஆழமற்றது, அந்நியம் புகுந்தது என்ற மூன்று குற்றச்சாட்டுகளால் பைலா நெடுங்காலம் ஆய்வுலகின் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது.

அப்பைலா இசையை மின்கிற்றாரின் துணையோடு அரைநூற்றாண்டு காலம் மேடையில் நிலைநிறுத்திய பெருமை, மொறட்டுவையைச் சேர்ந்த ஒரு குடும்பத்துக்கு உரியது. தந்தையால் தொடங்கப்பெற்று, புதல்வர்களால் வளர்க்கப்பெற்ற ‘ஜிப்சீஸ்’ என்னும் குழுவே அது. அதன் தோற்றத்தையும் இசையமைதியையும் சமூகப் பங்களிப்பையும் நோக்குவதன் மூலம், ஜனரஞ்சக இசை எவ்வாறு நிலைபேறு அடைகின்றது, எவ்வாறு அது அறுந்துபோகின்றது என்ற வினாவுக்கு ஓரளவு விடை காணலாம். இவ்வினா தமிழ் மாணவருக்கு மிக நெருக்கமானது என்பது இக்கட்டுரையின் பிற்பகுதியில் புலனாகும்.

உடன்பிறந்தோரும் இசையும்

உடன்பிறந்தோர் ஒருங்குகூடி இசை வளர்த்தல் தமிழருக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை அரசவையில் விளங்கிய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய நால்வரும் உடன்பிறந்தோரே. இன்று பரதநாட்டியக் கச்சேரியில் பின்பற்றப்படும் உருப்படிகளின் வரிசைமுறையை வகுத்தளித்தவர்கள் இவர்களே என்பர். நாகசுரத்தில் திருவீழிமிழலைச் சகோதரர்கள் புகழீட்டினர். தமிழகத்தின் பண்ணைப்புரத்தில் பாவலர் வரதராசனின் தலைமையில், பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரன் ஆகிய தம்பியர் ஊர்தோறும் மேடையேறிய வரலாறும் நாமறிந்ததே. ஆலத்தூர்ச் சகோதரர்கள் எனப் புகழ்பெற்ற இருவரும் உண்மையில் உடன்பிறந்தோர் அல்லர். இருந்தும் அப்பெயராலேயே அவர்கள் அறியப்பட்டனர். ‘சகோதரர்’ என்னும் சொல் இசையுலகில் இரத்த உறவையும் கடந்து நம்பிக்கையின் முத்திரையாக மாறியிருந்தமைக்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

மேனாட்டு றொக் இசையிலும் இத்தகைய குடும்பக் குழுக்கள் பல தோன்றின. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1961இல் உருவான ‘பீச் போய்ஸ்’ குழுவின் கருவாக அமைந்தோர் வில்சன் சகோதரர் மூவர். அவர்களின் தந்தையே குழுவின் முதல் முகாமையாளர். ‘ஜக்சன் ஃபைவ்’ குழுவையும் தந்தை ஒருவரே உருவாக்கினார். அவுஸ்திரேலியாவில் 1973இல் மல்கம் யங், அங்கஸ் யங் என்னும் சகோதரர் ‘ஏசி/டிசி’ குழுவை அமைத்தனர். ஆனால் இவற்றின் வரலாறு ஓர் எச்சரிக்கையாகவும் அமைகின்றது. வில்சன் சகோதரர் 1964இல் தந்தையை முகாமையாளர் பதவியிலிருந்து நீக்கினர். ஜக்சன் சகோதரர் 1975இல் தமது இசைத்தட்டு நிறுவனத்தை விட்டு விலகியபோது அவர்களுள் ஒருவர் உடன்செல்ல மறுத்துப் பின்தங்கினார். இங்கிலாந்தின் ‘கிங்ஸ்’ குழுவிலும் ‘ஒயேசிஸ்’ குழுவிலும் அண்ணனும் தம்பியும் கொண்ட பகை, அவர்தம் பாடல்களைப் போலவே பெயர்பெற்றது. குடும்பம் என்பது குழுவைக் கட்டும் கயிறாகவும் அமையும்; அதனை நெரிக்கும் கயிறாகவும் அமையும். இப்பின்னணியிலேயே ஜிப்சீஸ் குழுவின் நீண்ட வாழ்வு வரலாற்று முக்கியத்துவம் பெறுகின்றது.

பைலாவின் வேர்கள்

‘பைலா’ என்னும் சொல் ஆடுதல் எனப் பொருள்படும் போர்த்துக்கேய வினையடியிலிருந்து பிறந்தது. 1505இல் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயர், 1658இல் யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தரிடம் இழந்ததுடன் இத்தீவின் ஆட்சியிலிருந்து முற்றாக அகன்றனர். அவர்தம் கோட்டைகள் பிறர் கைக்கு மாறின. ஆட்டமும் பாட்டும் மக்களிடையே தங்கிவிட்டன. போர்த்துக்கேயராலும் பின்வந்த ஆட்சியாளராலும் ஆபிரிக்காவிலிருந்து படைவீரராகக் கொணரப்பட்ட காப்பிரி மக்களின் தாளமும் அவற்றோடு கலந்தது. ‘கபிரிஞ்ஞா’ எனப்படும் ஆடல்வகை இக்கலப்பின் விளைவே. புத்தளம் மாவட்டத்தின் சிரம்பியடியில் வாழும் காப்பிரி மக்கள் ‘மஞ்ஞா’ என்னும் பெயரில் தம் பாடல்மரபைப் பேணிவந்துள்ளனர். மட்டக்களப்பில் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியரின் திருமண வீடுகளிலும் இவ்வாடல் நிலைத்தது. எனவே பைலாவின் வேரைத் தேடுவோர் மேற்குக் கரையோடு நின்றுவிடலாகாது. தமிழ் பேசும் கிழக்குக் கரையிலும் அவ்வேர் ஓடுகின்றது.

இருபதாம் நூற்றாண்டில் இம்மரபைச் சிங்கள மொழிப் பாடலாக்கி நகர மக்களிடம் கொண்டுசென்றவர்களுள் முதன்மையானவர், பொலிஸ் சேவையில் பணியாற்றிய வொலி பெஸ்தியான்ஸ் ஆவார். புலவர் இருவர் எதிரெதிரே நின்று உடனுக்குடன் பாடிப் போட்டியிடும் ‘வாத பைலா’வும், பலர் கூடிப் பாடும் ‘கோரஸ் பைலா’வும் கரையோர நகரங்களில் வேரூன்றின. எம். எஸ். பெர்னாண்டோ, அன்டன் ஜோன்ஸ் முதலியோர் இவ்வழியில் பெரும் மக்கள் ஆதரவைப் பெற்றனர். ஆயின் கற்றோர் குழாம் இதனை ஏற்கவில்லை. 1952இல் இலங்கை வானொலிக் கலைஞரைத் தரப்படுத்த வட இந்தியாவிலிருந்து எஸ். என். ரத்தன்ஜங்கர் வரவழைக்கப்பட்டமை, அக்காலத்தில் உயர்ந்த இசை எதுவெனக் கருதப்பட்டது என்பதைக் காட்டும். இராகமரபே இலட்சியமாகக் கொள்ளப்பட்ட சூழலில் பைலா சாராயக்கடையின் இசையாக ஒதுக்கப்பட்டது. கர்நாடக இசையை மட்டுமே இசையெனக் கொண்ட தமிழ்க் கற்றோரின் நோக்கும் இதனின்றும் பெரிதும் வேறுபட்டதன்று.

அறுபதுகளின் குழுப்பாடல் இயக்கம்

1960களில் கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் கிற்றாரை மையமாகக் கொண்ட இளைஞர் குழுக்கள் பெருகின. ஒருபுறம், ‘ஜெற்லைனர்ஸ்’ போன்ற குழுக்கள் விடுதிகளிலும் நடன விருந்துகளிலும் ஆங்கிலப் பாடல்களை இசைத்தன. மறுபுறம், மேற்கிந்தியத் தீவுகளின் கலிப்சோப் பாணியைத் தழுவி, சிங்களத்தில் மென்மையாகப் பாடும் குழுக்கள் எழுந்தன. கிளாரன்ஸ் விஜேவர்தனவும் அனஸ்லி மாலேவனவும் இயங்கிய ‘மூன்ஸ்டோன்ஸ்’, நெவில் பெர்னாண்டோவின் ‘லொஸ் கபலேரோஸ்’, நோயல் ரணசிங்கவின் ‘லா சிலோனியன்ஸ்’ ஆகியன இவற்றுட் குறிப்பிடத்தக்கன. ஆங்கிலப் பாடலை அப்படியே ஒப்புவிக்கும் நிலையிலிருந்து, கேட்ட இசையைச் சொந்த மொழியில் படைக்கும் நிலைக்கு இளைஞர் நகர்ந்தமையே இக்காலப்பகுதியின் சிறப்பு எனலாம்.

மொறட்டுவையில் ஒரு குடும்பம்

மொறட்டுவை தச்சுத்தொழிலுக்குப் பெயர்போன ஊர். கத்தோலிக்க, கிறிஸ்தவ மக்கள் கணிசமாக வாழும் அவ்வூரில் தேவாலய இசையும் பைலாவும் அருகருகே வளர்ந்தன. மரத்தை இழைப்பதில் தேர்ந்த ஊர் கிற்றாரை மீட்டுவதிலும் தேர்ந்திருந்தமை வியப்பன்று. அங்குதான் 1971ஆம் ஆண்டில் அன்டன் பெரேரா என்பவர் தம் புதல்வர்களைக் கொண்டு ‘ஜிப்சீஸ்’ குழுவை நிறுவினார். 1952 செப்டெம்பர் 14ஆம் திகதி பிறந்த சுனில் பெரேரா அதன் முதன்மைப் பாடகராகவும் முகமாகவும் விளங்கினார். அவருடைய தம்பி பியல் பெரேரா குழுவின் மற்றொரு தூணாக அமைந்தார். ஏனைய சகோதரரும், குடும்பத்திற்கு வெளியேயான கலைஞரும் காலத்துக்குக் காலம் அதில் பங்குகொண்டனர்.

குழு தோன்றிய ஆண்டு நாட்டிற்கு இனியதோர் ஆண்டன்று. அவ்வாண்டு ஏப்ரலில் இளைஞர் கிளர்ச்சி வெடித்தது. ஊரடங்குச் சட்டமும் அவசரகாலச் சட்டமும் இரவு வாழ்க்கையை முடக்கின. தொடர்ந்த ஆண்டுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. வெளிநாட்டு இசைக்கருவிகளும் இசைத்தட்டுகளும் அரிதாகிய அக்காலம் ஒருவகையில் உள்ளூர்ப் படைப்புக்கு இடமளித்தது. ஆங்கிலப் பாடல்களை இசைப்பதில் தொடங்கிய ஜிப்சீஸ் சிங்களப் பாடல்களை நோக்கித் திரும்பியது. கிணற்றடிச் சந்திப்பைப் பாடும் ‘லிந்த லங்க சங்கமய’ அதன் தொடக்ககாலப் புகழுக்கு வித்திட்டது.

1977இல் ஆட்சி மாறியதும் திறந்த பொருளாதாரக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. சுற்றுலா விடுதிகள் பெருகின. ஒலிநாடாக்கள் கடைதோறும் குவிந்தன. 1979இல் தொலைக்காட்சி அறிமுகமாயிற்று. மேடைக் குழுக்களுக்கு இம்மாற்றங்கள் புதிய சந்தையைத் திறந்துவிட்டன. புலம்பெயர்ந்து வாழ்ந்த இலங்கையரின் விருந்துகள் பின்னர் அச்சந்தையைக் கடல்கடந்தும் விரித்தன. சந்தை விரிந்தபோது பல குழுக்கள் உடைந்தன. ஊதியத்தைப் பங்கிடுவதிலும், பெயருக்கு உரிமை கொண்டாடுவதிலும், முன்னணிப் பாடகர் தனித்துச் செல்ல விழைவதிலும் பிளவுகள் நேர்ந்தன. ஜிப்சீஸ் குழுவில் இப்பிணக்குகளுக்கு இடம் குறைவாயிருந்தது. குழுவின் பெயர் குடும்பத்தின் பெயராயிருந்தது. ஒத்திகை வீட்டு வாழ்வின் ஒரு பகுதியாயிருந்தது. முன்னணிப் பாடகர் பெற்ற புகழ் உடன்பிறந்தாரையும் சேர்ந்தது. மேனாட்டுக் குடும்பக் குழுக்களை உடைத்த அதே உறவு, இங்கு குழுவைக் காத்தது.

இசையமைதி

பைலாவின் உயிர் அதன் தாளத்தில் உள்ளது. ஆறு எண்ணிக்கை கொண்ட அத்தாளத்தை மும்மூன்றாக இரண்டு கூறாகவும் பிரிக்கலாம்; இவ்விரண்டாக மூன்று கூறாகவும் பிரிக்கலாம். ஒரு கருவி முதலாவது வகையில் அழுத்தம் கொடுக்க, மற்றொன்று இரண்டாவது வகையில் அழுத்தம் கொடுக்கும்போது எழும் உரசலே கேட்போரின் காலை நிலத்தில் நிற்கவிடாது செய்கின்றது. திஸ்ர நடையை அறிந்த தமிழ்ச் செவிக்கு இத்தாளம் அயலானதன்று. நாட்டார் கூத்துகளிலும் திரைப்படக் குத்துப்பாடல்களிலும் இதற்கு நெருங்கிய நடையைக் காணலாம்.

இத்தாளத்தின் மீது றொக் இசையின் கருவியமைப்பை ஏற்றியமையே ஜிப்சீஸ் போன்ற குழுக்களின் பணியாகும். மரபான கபிரிஞ்ஞாவில் வயலினும் றபானும் செய்த வேலையை இங்கு மின்கிற்றாரும் டிரம்ஸ் தொகுதியும் ஏற்றன. தாழ்சுருதி மின்கிற்றார் தாளத்தின் முதன்மை அடிகளைத் தாங்க, தாளக் கிற்றார் இடைவெளிகளை நிரப்பியது. கீபோர்ட் கருவி மெட்டுக்கு வண்ணம் சேர்த்தது. இசைத்தொடர் பெரும்பாலும் மூன்று அடிப்படைச் சுரக்கோவைகளுக்குள் அடங்கும். மெட்டு எளிமையானது, ஒருமுறை கேட்டவர் மறுமுறை கூடப் பாடத்தக்கது. இவ்வெளிமை குறைபாடன்று, கூட்டத்தைப் பாடகராக்குவதே இவ்விசையின் நோக்கமாதலின், அது தேவையால் விளைந்த அமைதியாகும்.

குரலிலும் ஒரு தனித்தன்மை உண்டு. சுனில் பெரேராவின் குரல் பண்பட்ட சாஸ்திரியக் குரலன்று. கதை சொல்லும் குரல். சொற்களைத் தெளிவாக உச்சரித்து, நகைப்புக்குரிய இடத்தில் சற்றே நிறுத்தி, கேட்போரைத் தம்பக்கம் இழுக்கும் ஆற்றல் அவருக்கிருந்தது. தனிக்குரல் கதையை நடத்த, பல்லவியில் ஏனைய குரல்கள் வந்து சேரும். ஒரே வீட்டில் ஒரே பேச்சுவழக்கில் வளர்ந்தோரின் குரல்கள் இயல்பாகவே இசைந்து நிற்பன. சகோதரர் குழுக்கள் உலகெங்கும் பெற்ற கூட்டுக்குரல் நயத்திற்கு இதுவே காரணம் எனலாம். விருந்துகளின் இறுதியில் பாடல்களை இடைவிடாது கோத்து வழங்கும் மரபில் குழு பெற்ற தேர்ச்சியும் அதன் நீடித்த செல்வாக்கிற்கு உதவியது.

நகையும் நையாண்டியும்

ஜிப்சீஸ் பாடல்களுள் ‘அங்கிள் ஜோன்சன்’, ‘சிஞ்ஞோரே’, ‘லுணு தெஹி’, ‘குருமிட்டோ’, ‘ஐ டோன்ட் நோ வை’ ஆகியன மிகப் பரவலாக அறியப்பட்டவை. இவற்றின் தலைப்புகளே குழுவின் உலகத்தைக் காட்டும். பறங்கிக் குடும்பத்து உறவுமுறைச் சொல், போர்த்துக்கேய ஒலி, சமையலறை ஊறுகாய், ஆங்கில வாக்கியம் என அனைத்தும் ஒரே பையிலிருந்து எடுக்கப்பட்டவைபோல் வருகின்றன. தூயமொழி நாடுவோர் இக்கலப்பைக் கண்டு முகஞ்சுளித்தனர். எனினும் கரையோர நகர மக்களின் அன்றாடப் பேச்சு இவ்வாறே அமைந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

பிற்காலப் பாடல்களில் நையாண்டி கூர்மை பெற்றது. ‘ஐ டோன்ட் நோ வை’ பாடல், நாட்டின் சீர்கேடுகளை அடுக்கிக் காரணம் தெரியாதவன்போல் வினவும் உத்தியைக் கையாள்கின்றது. அறியாமையை நடித்துக் கேள்வி கேட்பவனைத் தண்டிப்பது கடினம்; நாட்டார் கூத்தில் கட்டியங்காரனும் கோமாளியும் பெற்ற சுதந்திரம் இத்தகையதே. அரசனைப் பார்த்துக் கோமாளி சொல்வதை அமைச்சர் சொல்லவியலாது. ஆடிக்கொண்டிருக்கும் கூட்டம் தான் எதற்கு ஆடுகின்றது என்பதைப் பல்லவி முடிந்த பின்னரே உணரும்.

மேடைக்கு வெளியிலும் சுனில் பெரேரா மறைவின்றிப் பேசினார். அரசியல்வாதிகளின் ஒழுக்கக்கேடு, இனவாதம், போலிப் பண்பாட்டுப் பெருமை என்பன குறித்து அவர் நேர்காணல்களில் தெரிவித்த கருத்துக்கள் பாராட்டையும் பகையையும் ஒருங்கே ஈட்டின. பெரும்பான்மைச் சமூகத்தில் பிறந்து, அச்சமூகத்தின் கேளிக்கையையே தொழிலாகக் கொண்ட ஒருவர், தம் இரசிகரின் மனத்தாங்கலைப் பொருட்படுத்தாது இவ்வாறு பேசியமை எளிய செயலன்று. பாடலின் மூலம் ஈட்டிய நம்பிக்கையே அவருக்கு இத்துணிவைத் தந்தது எனக் கருதலாம்.

தமிழ்ப் பொப்பிசை: ஓர் ஒப்பீடு

இவ்விடத்தில் தமிழரிடையே அதே காலத்தில் எழுந்த இயக்கத்தை நினைவுகூர்தல் பொருந்தும். 1960களின் இறுதியிலும் 1970களிலும் இலங்கைத் தமிழில் பொப்பிசை மலர்ந்தது. நித்தி கனகரத்தினம் யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழில், பைலாத் தாளத்தில், நகைச்சுவையும் சமூகக் கேலியும் கலந்து பாடினார். ஏ. ஈ. மனோகரன் சிங்களமும் தமிழும் விரவிய ‘சுராங்கனி’ பாடலைக் கடல்கடந்தும் கொண்டுசென்றார். அம்மெட்டு 1977இல் தமிழகத் திரைப்படத்திலும் இடம்பெற்றது. கிற்றார், பைலாத் தாளம், பேச்சுமொழி, நையாண்டி ஆகிய நான்கும் ஜிப்சீஸுக்கும் இவர்களுக்கும் பொதுவானவை. ஒரே நிலத்தில் ஒரே பருவத்தில் இட்ட இரு விதைகள் எனலாம்.

எனினும் ஒன்று ஐம்பது ஆண்டுகள் தழைத்த மரமாயிற்று. மற்றது தொடர்ச்சியை இழந்தது. மனோகரன் தமிழகத் திரையுலகை நாடிச் சென்று, 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவிற் குடியேறினார். இதனைத் தனிமனிதரின் தெரிவாக மட்டும் நோக்குதல் பொருந்தாது. ஓர் இசைக்குழு வாழ்வதற்கு ஒத்திகைக்கு வீடு, கருவிகளை ஏற்றிச்செல்லப் பாதை, இரவில் அச்சமின்றிக் கூடும் மக்கள், ஆண்டுதோறும் திரும்பி வரும் திருவிழா ஆகிய அனைத்தும் வேண்டும். 1983 ஜூலை வன்செயலும் அதனைத் தொடர்ந்த போரும் தமிழரிடமிருந்து இவற்றையே முதலிற் பறித்தன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகள் எரிந்தன. வடக்கிலும் கிழக்கிலும் இரவு என்பது பதுங்குகுழிக்குரிய நேரமாயிற்று. மொறட்டுவையில் ஒரு தந்தைக்கும் புதல்வர்க்கும் ஐம்பதாண்டு ஒரே வீட்டிலிருந்து இசைக்கக் கிடைத்த வாய்ப்பு, தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குக் கிட்டவில்லை. ஒரு வீட்டின் பிள்ளைகள் மூன்று நாடுகளில் வாழும் நிலையில் சகோதரர் இசைக்குழு எங்ஙனம் தோன்றும்?

ஆகவே ஜிப்சீஸ் குழுவின் நீண்ட வாழ்வை அதன் திறமைக்கு மட்டும் உரியதாகக் கொள்ளுதலும், தமிழ்ப் பொப்பிசையின் தேய்வை அதன் ஆழமின்மைக்கு உரியதாகக் கொள்ளுதலும் ஒருங்கே தவறாகும். கலையின் தொடர்ச்சி கலைஞனிடத்தே தொடங்குகின்றது. அவன் வாழும் தெருவின் அமைதியே அதனை நிலைக்கச் செய்கின்றது.

முடிவுரை

கொவிட் பெருந்தொற்று இந்நாட்டை வாட்டிய 2021ஆம் ஆண்டு, செப்டெம்பர் 6ஆம் திகதி, தமது அறுபத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு எட்டு நாட்கள் இருக்கையில், சுனில் பெரேரா அந்நோயின் பாதிப்பால் காலமானார். குழு தோன்றிய ஐம்பதாவது ஆண்டாக அது அமைந்தது. கூட்டம் கூடுவதே தடைசெய்யப்பட்டிருந்த நாட்களில், வாழ்நாள் முழுவதும் கூட்டத்தை ஆடவைத்தவர் கூட்டமின்றி விடைபெற்றார். குழுவை வழிநடத்தும் பொறுப்பு தம்பி பியல் பெரேராவின் தோள்களில் வந்தது.

ஒரு குடும்பத்தின் உழைப்பு, ஒதுக்கப்பட்ட ஓர் இசைவகைக்கு மேடையில் மதிப்பைத் தேடித்தந்தது; சிரிப்பின் ஊடாகச் சினத்தையும் வெளியிடலாம் என்பதை நிறுவியது. அதன் வரலாற்றை எழுதுதல் சிங்கள ஆய்வாளர்க்கு மட்டும் உரிய கடமையன்று. பைலா இத்தீவின் பொதுச்சொத்து. மட்டக்களப்பும் புத்தளமும் மொறட்டுவையும் அதற்கு உரிமையுடையன. தமிழ்ப் பொப்பிசையின் இசைத்தட்டுகளும் ஒலிநாடாக்களும் புலம்பெயர்ந்தோர் வீடுகளின் மூலைகளில் இன்னும் எஞ்சியிருக்கும் வேளையிலேயே அவற்றைத் தேடித் தொகுத்து, ஜிப்சீஸ் முதலான குழுக்களின் படைப்புகளோடு ஒப்புநோக்கி ஆராய்தல் பல்கலைக்கழக மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். மாளிகாவத்தை அரங்கில் பப்பரே முழங்கும்போது எழுந்து ஆடுவோர் தம் பக்கத்தில் ஆடுபவரின் மொழி யாதெனக் கேட்பதில்லை. அந்த இசை எவ்வாறு அவர்களிடம் வந்து சேர்ந்தது என்பதைக் கேட்டறிதல் ஆய்வாளரின் கடன்.